இரண்டு கிலோ ராகி: ஒரு தெரு, ஒரு கிணறு, ஒரு ரேஷன் கடை

2023 வெயில் காலத்தில் ஒரு நாள் எங்கள் ஊர் ரேஷன் கடையில் வரிசையில் நின்ற அம்மாவிடம் கடைக்காரத் தம்பி கேட்டார்: “ராகி வந்திருக்கும்மா. அரிசியில ரெண்டு கிலோ கழிச்சுட்டு ராகி தரவா, இல்ல முழுசா அரிசியாவே போட்டுடவா?” அம்மா யோசிக்கவே இல்லை. “ராகியே போடு தம்பி” என்றார். பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே, “எங்களுக்கு அரிசியே போடு, களி கிண்ட எங்க வீட்ல யாரு இருக்கா” என்றார்.

நான் சும்மா பை பிடிக்கப் போனவன். ஆனால் அந்த இரண்டு பதில்களும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. இரண்டுமே சரியான பதில்கள்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இடம் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். அந்த வருடத்தை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலும் தர்மபுரியிலும் மட்டும், பரிசோதனையாக, அரிசி அட்டைக்கு மாதம் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி என்று தொடங்கியது. தர்மபுரியைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. கிருஷ்ணகிரியோடு சேர்த்தால் தமிழ்நாட்டில் ராகி நாடு என்றால் இதுதான். ஆச்சரியம் வேறு. ராகி விளைகிற மாவட்டத்துக்கே ராகியை ரேஷனில் கொடுத்துச் சாப்பிடச் சொல்ல வேண்டிய நிலை எப்படி வந்தது?

பாட்டி காலத்துத் தட்டு

எங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி காலையில் ராகிக் கூழ், மத்தியானமும் ராத்திரியும் களி என்று வாழ்ந்தவர். நெல்லுச் சோறு என்பது பொங்கல், தீபாவளி, அப்புறம் வீட்டுக்குச் சம்பந்தி வந்தால். அவ்வளவுதான். ‘நெல்லுச் சோறு’ என்று அடைமொழியோடு சொன்னதிலிருந்தே தெரியும், வெறும் சோறு என்றால் அன்றைக்கு அது நெல்லில் வந்தது என்று அர்த்தம் இல்லை.

களி கிண்டுவதைப் பார்க்காதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உலையில் கைப்பிடி நொய்யரிசியைப் போட்டுக் குழைய வேகவிடுவார். அதன் மேல் ராகி மாவை ஒரே கொட்டாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் குழி குத்தி மூடிவைப்பார். மாவுக்குள் ஆவி ஏறி, குழி வழியே ‘புஸ் புஸ்’ என்று வெளியே வரும். அப்புறம்தான் வேலையே ஆரம்பம். சட்டியை இறக்கி வைத்து, நகராமல் இருக்க இரண்டு பக்கமும் கோல் கொடுத்துக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்ட வேண்டும். கட்டி விழக் கூடாது, அடி பிடிக்கக் கூடாது. தண்ணீர் தொட்ட தட்டில் உருட்டி எடுக்கும்போது பாட்டியின் முன்கை சிவந்திருக்கும். இது ஒரு வேளைக்கு. இதற்கு முன்னால் விடியற்காலையில் திருகையில் மாவு அரைத்தாக வேண்டும். மாவு மில் எங்கள் ஊருக்கு வந்தது ரொம்பப் பின்னால்தான்.

ராகிக்கு ஒரு நல்ல குணம், மேலே உமி ஒட்டிக்கொண்டிருக்காது. அடித்துத் தூற்றினால் நேரே திருகைக்குப் போய்விடலாம். சாமைக்கும் தினைக்கும் அப்படி இல்லை, உரலில் குத்தி உமி நீக்கியாக வேண்டும். சாமை எங்கள் பக்கம் முதலில் காணாமல் போனதற்கும், ராகி இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்ததற்கும் இதுவே பெரிய காரணம் என்பேன். பெண்களின் தோள்பட்டைதான் எந்தத் தானியம் நிலைக்கும் என்று தீர்மானித்தது.

சரி, களியோடு என்ன? இதுதான் முக்கியம், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கொள்ளுக் கடைசல், கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு, தை மாதம் வந்தால் மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்கம் பருப்புக் குழம்பு. களியைத் தனியாகத் தின்ன முடியாது, தொண்டையில் இறங்காது. குழம்பு கெட்டியாக, நிறைய வேண்டும். அந்தக் குழம்புக்கான சாமான் கடையிலிருந்து வந்ததல்ல. ஆடியில் ராகி விதைக்கும்போதே சில சாலுக்கு (ஏர் ஓட்டிய வரிசைக்கு) ஒரு சால் மொச்சை, ஓரத்தில் துவரை, வரப்பில் ஆமணக்கு. கார்த்திகையில் ராகி வீட்டுக்கு வந்துவிடும். மொச்சை அதற்குப் பிறகும் பனி குடித்துக்கொண்டு மாசி வரை காய்க்கும். புரட்டாசி மழையில் விதைத்த கொள்ளு இன்னொரு பக்கம். அதாவது தட்டில் இருந்த சேர்க்கை வயலிலேயே இருந்தது.

அரிசி எப்படி வந்தது

1960களின் நடுவில் நாட்டில் உணவுப் பஞ்சம். ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரக நெல் வந்த காலம். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற வாக்குறுதி. தமிழ்நாட்டு அரசியலில் அரிசி அன்றைக்கு ஏறிய மேடையிலிருந்து இன்று வரை இறங்கவில்லை. 1972ல் நுகர்பொருள் வாணிபக் கழகம், 1982ல் சத்துணவுத் திட்டம், 2006ல் கிலோ 2 ரூபாய், 2008ல் 1 ரூபாய், 2011ல் இலவசம். அட்டைக்கு 20 கிலோ என்பது இன்று எங்கள் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத, ஆனால் நின்றுபோனால் ஊரே ரோட்டுக்கு வந்துவிடும் ஒரு விஷயம்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ரேஷன் அரிசி வந்த பிறகுதான் எங்கள் பக்கம் மழை பொய்த்த வருடங்களில் அடுப்பு அணையாமல் இருந்தது. 2016ல் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது, அடுத்த வெயிலில் ஆடு மாடுகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள், ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. பாட்டி சொன்ன தாது வருஷத்துப் பஞ்சக் கதைகளோடு இதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அப்புறம் கௌரவம். ‘களி தின்னப் போறியா?’ என்றால் தமிழில் ஜெயிலுக்குப் போகிறாயா என்று அர்த்தம். ஒரு ஊரின் அன்றாடச் சாப்பாடு, மொழியிலேயே தண்டனையாக மாறிவிட்ட பிறகு, எந்த இளவட்டம் டிபன் பாக்சில் களி உருண்டையைக் கொண்டுபோகும்? எங்கள் சித்தி பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவாராம். அவர் வீட்டில் இன்று வரை களி கிண்டுவதில்லை. அவருடைய மகளுக்கு ‘மில்லட் பௌல்’ தெரியும், களி தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அரிசி மலிவு, அரிசி சுலபம், அரிசி மரியாதை. மூன்றும் ஒரு பக்கம் சேர்ந்த பிறகு ராகிக்கு என்ன வாய்ப்பு இருந்திருக்கும்? பக்கத்து வீட்டு அக்கா காலையில் ஏழு மணி வண்டிக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர். குக்கரில் மூன்று விசில் விட்டால் சோறு. அவரைப் பார்த்து ‘பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்கள்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் வீட்டில் யார் களி கிண்டுகிறார்கள் என்று ஒரு நாள் விசாரிக்க வேண்டும்.

கிணறு

வயிற்றுக்கு அரிசி ரேஷனில் வந்துவிட்டது என்றால் நிலத்தில் எதற்கு ராகி? எங்கள் அப்பா அப்படித்தான் யோசித்தார், அந்த நேரத்தில் அது தப்பே இல்லை. மானாவாரியில் நின்ற ராகியும் மொச்சையும் போய், மரவள்ளி, தக்காளி, சாமந்தி, கொஞ்ச காலம் கரும்பு. காசு வந்தது. அக்காவின் கல்யாணமும் என் படிப்பும் அந்தக் காசில்தான். ஆனால் இவையெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பயிர்கள் அல்ல.

எங்கள் கிணறு தாத்தா வெட்டியது, ஐம்பது அடி. சிறு வயதில் மேல்படிக்கட்டிலிருந்து குதித்திருக்கிறேன். 1990 வாக்கில் விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் எல்லோருக்கும் வந்தது. எங்கள் முதல் போர்வெல் 1994ல், 250 அடி. இரண்டாவது 650 அடி. 2017ல் போட்டது 1,050 அடி போயும் புகைதான் வந்தது, வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்று காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கடனை அடைக்க மூன்று வருடம் ஆனது. ஐம்பது அடிக் கிணறு இப்போது குப்பை கொட்டும் இடம், உள்ளே ஒரு அத்திமரம் முளைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு உண்டு. தண்ணீர் பாறைக்குள் எத்தனை காலம் கிடக்கிறதோ அத்தனைக்கு அது கரைந்து ஏறும். ஆழம் போகப் போகத் தண்ணீர் பழசு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரக் கணக்கு. எங்கள் மாவட்டத்தின் பல ஊர்களில் அதைத் தாண்டிய தண்ணீரைத்தான் ஒரு தலைமுறையே குடித்து வளர்ந்தது. பல்லைப் பார்த்தே பென்னாகரம் பக்கமா என்று கேட்பார்கள். என் பல்லிலும் அந்தக் காவிக் கறை உண்டு. கல்யாணப் பேச்சில் பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்த வீட்டார் கதைகள் இங்கே ஏராளம்.

ஃபுளோரைடு பல்லோடு நிற்பதில்லை, எலும்புக்கும் போகும். உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருப்பவர்களை அது இன்னும் மோசமாகத் தாக்கும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். இப்போது தட்டுக்குத் திரும்புங்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராமைத் தொட்டால் பெரிது. ராகியில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது, அதில் உள்ள சில பொருட்கள் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருந்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான். ஆழத்தில் இருந்து ஃபுளோரைடு மேலே வந்த அதே இருபது முப்பது வருடங்களில், எலும்பைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய தானியம் தட்டிலிருந்து இறங்கியது. ராகி இருந்திருந்தால் நோயே வந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. விஷத் தண்ணீருக்கு மருந்து நல்ல தண்ணீர்தான். ஆனால் நேரம் ரொம்பக் கெட்ட நேரம்.

நல்ல தண்ணீரும் வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியில், 2008ல் அடிக்கல், 2013ல் குழாயில் தண்ணீர். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரியைக் கொண்டுவந்த திட்டம். எங்கள் தெருவில் முதல் தடவை அந்தக் குழாயில் தண்ணீர் வந்த அன்று அம்மா ஒரு டம்ளர் குடித்துவிட்டு, “உப்பே இல்லாத குழம்பு மாதிரி இருக்கு” என்றார். அத்தனை நாள் உப்புத் தண்ணீருக்குப் பழகிய நாக்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை அளப்பது எங்களுக்குப் பக்கத்தில் பிலிகுண்டுலுவில். உச்ச நீதிமன்றம் 2018ல் சொன்ன 177.25 டி.எம்.சி. கணக்கும் அந்த இடத்தில்தான். அங்கிருந்து ஒகேனக்கல்லில் விழுந்து, எங்கள் மாவட்டத்து ஓரமாக ஓடி, மேட்டூரில் தேங்கி, ஜூன் 12 மதகு திறந்தால் டெல்டாவுக்குப் போய்க் குறுவை, சம்பா, தாளடி நெல்லாகிறது. அந்த நெல்லில் ஒரு பங்கு கொள்முதலாகி, அரிசியாகி, லாரி ஏறி, எங்கள் ரேஷன் கடைக்கே திரும்பி வருகிறது. எங்கள் வயலைத் தொடாமல் போன தண்ணீர், சோறாகத் திரும்பி வந்து தொடுகிறது.

எவ்வளவு தண்ணீர்? ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்பது வேளாண்மைத் துறையில் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு. ஒரு ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். ராகிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும், அதையும் ஆடி, ஆவணி, புரட்டாசி மழையே பெரும்பாலும் கொடுத்துவிடும். ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மாதம் 20 கிலோ வாங்கும் ஒரு அட்டைக்கு வருடம் 240 கிலோ, அதாவது 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி 50. மாதம் இரண்டு கிலோவை மட்டும் மாற்றினால் அட்டைக்கு வருடம் 5 லாரித் தண்ணீர்.

இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு டெல்டாக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வயலில் நிற்கும் தண்ணீரில் ஒரு பகுதி நிலத்தடிக்கே திரும்பும். ஐப்பசி அடைமழையில் மூழ்கி நிற்கும் அந்தக் களிமண்ணில் நெல்லைத் தவிர வேறு எதுவும் நிற்காது. சம்பாவை நிறுத்தி அங்கே ராகி போடுங்கள் என்பது அரைவேக்காட்டு யோசனை. நான் கேட்பது வேறு: ராகி விளையும் மேட்டு நிலத்து வயிறுகளையும் டெல்டாத் தண்ணீரை நம்ப வைத்துவிட்டு, அந்த மேட்டு நிலத்தைத் தக்காளிக்கும் கரும்புக்குமாக ஆயிரம் அடி துளைத்தோமே, இரட்டைச் செலவு அல்லவா இது?

அப்பாவின் சர்க்கரை

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை தெரிந்தது. கால் விரலில் ஆறாத புண். தெருவில் விசாரித்தால் வீட்டுக்கு ஒருவர். 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்த கணக்கில் நகரங்களிலேயே நூற்றுக்கு இரண்டு பேரை ஒட்டித்தான் சர்க்கரை நோய். சென்னையில் 1989ல் 8.3 சதவீதம், 2004ல் 14.3. 2023ல் வந்த இந்தியா முழுமைக்குமான ஆய்வில் தமிழ்நாடு மொத்தத்துக்கும் 14.4. அதாவது இருபது வருடம் முன்பு சென்னைக்காரர்களின் வியாதியாக இருந்தது இப்போது எல்லோருக்கும் பொது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில்தான். இப்போது மாதாமாதம் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நல்ல திட்டம். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: ஒரு வாரம் அரிசியும் சர்க்கரையும் பாமாயிலும் வருகிறது, அடுத்த வாரம் அதற்கு மாத்திரை வருகிறது.

அரிசி மட்டும்தான் குற்றவாளியா? 21 நாடுகளில் ஒன்றேகால் லட்சம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020ல் வந்தது. தெற்காசியாவில் ஒரு நாளைக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிடுகிறவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 சதவீதம் கூடுதல். 450 கிராம் வெந்த சோறு எங்கள் அப்பாவுக்கு ஒரே வேளை. அதோடு காலையும் ராத்திரியும் இட்லி தோசை, நடுவில் டீ, டீக்கு வர்க்கி, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. பாட்டி தின்றதும் மாவுச்சத்துதான், ஆனால் அவர் அதைத் திருகையிலும் களத்திலும் களைக்கொத்திலும் எரித்துவிட்டார்.

சிறுதானிய விளம்பரக்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அரிசியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ராகியை வைத்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்பது அப்படியே உண்மை இல்லை. நைசாக அரைத்த ராகி மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சர்ரென்று ஏறும், அப்பாவுக்கு விரலில் குத்திப் பார்த்த அனுபவம் எங்களுக்கே உண்டு. 2025ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, 1.2 லட்சம் பேருக்கு மேல் எடுத்தது, இதையே சொன்னது: இந்தியர்களுக்குச் சாப்பாட்டில் கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, அந்த மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானிய மாவோ மாற்றினால் பலன் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் போன்ற புரதம் வந்தால்தான் ஆபத்து குறைகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ராகி ஞாபகத்துக்கு வரவில்லை, மொச்சைதான் வந்தது. தட்டில் உண்மையில் நாம் இழந்தது எது என்று அங்கேதான் பொறி தட்டியது. வயலிலிருந்து ராகி போனபோது, ராகிச் சாலுக்கு நடுவே நின்ற மொச்சையும் துவரையும் சத்தம் இல்லாமல் கூடவே போய்விட்டன. தக்காளித் தோட்டத்துக்குள் மொச்சைக்கு என்ன வேலை? சோறு வந்த தட்டில் கெட்டிக் குழம்புக்கும் அவசியம் இல்லாமல் போனது. சோறு எதோடும் இறங்கும், தண்ணி ரசத்தோடு இறங்கும், மோரோடு இறங்கும், ஊறுகாயோடுகூட இறங்கும். பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதத்துக்கு ரத்தசோகை என்று தமிழ்நாட்டுக்கான 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கு சொன்னது. வீட்டில் குழம்பின் அடியில் கிடக்கும் காயும் பருப்பும் ஆண்களின் தட்டுக்குப் போன பிறகு மிஞ்சுவதைத் தின்கிறவர்கள் யார் என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண் புதிதாக இருக்காது.

அந்தப் பருப்பின் இடத்தை நிரப்ப ரேஷனில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், பாமாயில் 25 ரூபாய்க்கும் வருகிறது. இந்தியா துவரையை மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் கொண்டுவருகிறது, பாமாயிலை இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும். 2022 ஏப்ரலில் இந்தோனேசியா ஏற்றுமதியை ஒரு மாதம் நிறுத்திவைத்தபோது எங்கள் ஊர் போண்டாக் கடையில் போண்டா சின்னதாகிவிட்டது. வரப்பில் நின்ற ஆமணக்கும் சாலில் நின்ற துவரையும் ஒரு காலத்தில் யாருடைய அனுமதியையும் கேட்டதில்லை.

இரண்டு கிலோ என்ன ஆனது

எங்கள் தெருவில் முதல் மாதம் பாதிக்கு மேற்பட்டவர்கள் ராகி வாங்கினார்கள், அதிசயமாகப் பார்த்து வாங்கியது. மூன்றாம் மாதத்துக்குள் தெரிந்துவிட்டது. வீட்டில் வயசானவர்கள் இருக்கும் குடும்பங்கள் தொடர்ந்து வாங்கின. சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகள், மருந்து என்று நினைத்து, வாங்கின. மற்றவர்கள் அரிசிக்கே போய்விட்டார்கள். வாங்கிய ராகியைக் கோழிக்கும் மாட்டுக்கும் போட்டவர்களும் உண்டு, மறைப்பானேன். ஒரு மாதம் வந்த மூட்டையில் மண் அதிகம், அம்மா இரண்டு தடவை அரித்துக் காயவைத்தார். அந்த மாதத்தோடு விட்டவர்கள் சிலர்.

அரைப்பதுதான் அடுத்த தொல்லை. இரண்டு கிலோவை எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போய்க் காத்து நிற்க யாருக்கு நேரம்? மில்காரர், “கொஞ்சமா கொண்டாந்தா முன்னாடி அரைச்ச மிளகாய்க் காரம் ஏறிடும், பத்து கிலோவா சேர்த்துக் கொண்டாங்க” என்பார். அவர் சொல்வதும் நியாயம். கடையிலேயே மாவாகக் கொடுத்திருந்தால் தெருவில் இன்னும் சிலர் தங்கியிருப்பார்கள். ராகி தானியமாகக் குதிரில் வருடக்கணக்கில் பூச்சி படாமல் கிடக்கும், மாவானால் சீக்கிரம் கசக்கும், அதனால் தானியமாகவே கொடுப்பதிலும் ஒரு அர்த்தம் உண்டுதான்.

விளைகிற பக்கம் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2022 கடைசியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ராகிக்கு நேரடிக் கொள்முதல் தொடங்கியது. அந்தப் பருவத்துக்குக் குவிண்டால் 3,578 ரூபாய், நெல்லுக்கு 2,040. 2024-25ல் ராகிக்கு 4,290. அதுவரை வியாபாரி சொன்ன விலைதான் ராகிக்கு விலை. காகிதத்தில் ராகி இப்போது நெல்லைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மதிப்பு. ஆனாலும் ஊரில் எல்லோரும் ராகிக்குப் பாயவில்லை. அறுவடைக்கு ஆள் கிடைப்பதில்லை, கதிர் கதிராகக் கிள்ள வேண்டும். காட்டுப் பன்றி ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உருட்டிவிடும். கடைசியில் கதிரை ரோட்டில் பரப்பி பஸ்சும் லாரியும் ஏறட்டும் என்று விட வேண்டியதுதான், அப்புறம் ரேஷன் ராகியில் மண் ஏன் என்று கேட்டால் எப்படி?

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இது ஒரே ஒரு வீடு என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள். வாரத்தில் நான்கு ராத்திரி களி என்று அம்மா முடிவெடுத்தார். உருண்டை பாட்டி காலத்து அளவில் பாதி, குழம்பு இரண்டு மடங்கு, அதில் மொச்சையோ கொள்ளோ தட்டைப்பயறோ கட்டாயம். முதல் மாதம் அப்பா சாப்பிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். எட்டு மாதம் கழித்து எடுத்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.1லிருந்து 7.6க்கு இறங்கியிருந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னார். நடுவில் டாக்டர் மாத்திரையை மாற்றியதையும், அப்பா பரோட்டாவை விட்டதையும், கால் புண் ஆறியதில் காலையில் நடக்க ஆரம்பித்ததையும் நான் சேர்த்துச் சொன்னால் என் மேல் கோபம் வருகிறது.

2024 ஆடியில் அம்மா பிடிவாதமாக மேட்டுக் காட்டில் அரை ஏக்கர் ராகி போட்டார். ராகி விதைக்குப் பஞ்சம் இல்லை, விரிவாக்க மையத்தில் கிடைத்தது. மொச்சைதான் கிடைக்கவில்லை. கடையில் இருந்தது குட்டைச் செடி ரகம், சீக்கிரம் காய்த்துச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். பாட்டி காலத்து மொச்சை, ராகி அறுத்த பிறகும் கொடியாகப் படர்ந்து மாசி வரை நிற்குமே, அது சுற்று வட்டாரத்தில் யாரிடமும் இல்லை. கடைசியில் மலையோரத்துக் கிராமம் ஒன்றில், தூரத்துச் சொந்தமான ஒரு பெரியம்மாவின் வீட்டுக் கூரையில் சுரைக்குடுக்கையில் அடைத்துத் தொங்கியதைக் கண்டுபிடித்து, இரண்டு படி ராகி மாவைக் கொடுத்துவிட்டு ஒரு கைப்பிடி வாங்கி வந்தார்.

ராகி 350 கிலோ வந்தது. பன்றிக்குப் போனது போக. மொச்சை மூன்று சாலுக்குத்தான் விதை இருந்தது, அதிலும் ஒரு சால் முளைக்கவில்லை. தை மாதம் பிதுக்கம் பருப்புக் குழம்பு இன்றைக்காவது வைப்பாயா என்று அப்பா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஒரே ஒரு தடவை, ஒரு ஆழாக்கு பிதுக்கி வைத்தார். மீதியைச் சாம்பலில் புரட்டிப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடி மேல் துணி கட்டி, அப்பாவின் கைக்கு எட்டாத பரண் மேல் வைத்துவிட்டார்.